பேரவை கண்டெடுத்த வாசகர்

லிப்ட் மெக்கானிக் செய்த ஒரே தப்பு, பரிசு வாங்கிய ஒரு நாவலைக் கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்ததுதான். அதையும் அவர் ஆசைப்பட்டுச் செய்யவில்லை. அவருக்கும் புத்தகத்துக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடத்தோடு பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது, அவ்வளவுதான். வீட்டில் படிக்கிற ஆள் அவர் மனைவி. பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுன்டரில் வேலை. கூட்டம் இல்லாதபோது மடியில் ஒரு புத்தகம் விரிந்திருக்கும். கூட்டம் இருக்கும்போதும் சில நாள் விரிந்திருக்கும், அதற்கு மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறாள்.

அப்படிப் படித்த கண்ணில் ஒரு நாள் கறுப்பாக ஏதோ இறங்கியது. உள்ளே விழித்திரை கழன்றுவிட்டது என்றார் கண் டாக்டர். ஆபரேஷன் முடித்து, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை வைத்துக் கட்டுப் போட்டு அனுப்பினார்.

"குமிழி எப்பவும் மேல பாத்துத்தான் போகும். அது போய் விழித்திரையை அழுத்திப் பிடிச்சுக்கணும்னா நீங்க குப்புறத்தான் கிடக்கணும்மா. சாப்பிட, பாத்ரூம் போக எழுந்திருக்கலாம். அப்பவும் முகம் தரையைத்தான் பாக்கணும். நான் சொல்ற வரைக்கும் தலையை நிமித்தினீங்க, அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

நின்ற இடத்தில் நிற்காத மனுஷி அவள். அவளைக் கொண்டுபோய்க் கட்டிலில் கவிழ்த்துப் போட்டால் என்ன ஆகும்? முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மறுநாள் கழுத்து போச்சு, முதுகு போச்சு என்று ஆரம்பித்தாள். அதற்கும் அடுத்த நாள், "ஒரு கண்ணு போனா போகட்டும், இன்னொண்ணு இருக்கில்ல, விடுங்க என்னை" என்று கையை ஊன்றி எழப் பார்த்தாள். துணைக்கு வந்திருந்த அவள் அக்கா, "ஏண்டி, வாயைக் கழுவுடி" என்று அழுதே விட்டாள். மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேசை மேல் கிடந்த தடிப் புத்தகத்தை எடுத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, எழுத்துக் கூட்டாத குறையாக உரக்க வாசிக்கத் தொடங்கினார். முதல் பக்கம் முடிவதற்குள் அவள் அடங்கிவிட்டாள்.

நாவலின் தலைப்பு அட்டையில் மூன்று வரிக்கு ஓடியது. மூன்று வரியில் ஒன்றாவது புரிந்ததா என்றால் இல்லை. ஆகவே வீட்டில் அதைப் பாலத்துக்காரி கதை என்றே சொன்னார்கள். ஒரு பழைய பாலத்தில் வண்டிகளுக்குச் சுங்கம் வசூலிக்கிற பெண்ணின் கதை அது. சின்ன வயதில் மாவு மில்லில் இடது கை போனவள். கட்டியவன் ஓடிப்போய், கூடப் பிறந்தவன் ஏமாற்றி, கடைசியில் கைக்குழந்தை ஒன்றுதான் சொந்தம் என்று நின்றவள். உள்ளதைச் சொல்ல வேண்டும், அதை எழுதின ஆள் எழுதத் தெரிந்தவன்தான். எப்போதோ, விழாவும் மேடையும் வந்து சேர்வதற்கு முன்னால், உட்கார்ந்து ஒழுங்காக எழுதியிருக்கிறான். மெக்கானிக்குக்கே லிப்ட் கூண்டின் மேல் ஏறி நின்று கம்பிக்கு எண்ணெய் விடும்போது, இன்றைக்கு அவள் என்ன செய்யப் போகிறாளோ என்று மனசு அடித்துக்கொண்டது.

மனைவிக்கு அந்தக் கதைதான் மருந்து. சாயங்காலம் கணவர் வந்து வாசிப்பார் என்று பகலெல்லாம் கிடப்பாள். வாசித்ததை நினைத்துக்கொண்டு இரவெல்லாம் கிடப்பாள். வெள்ளம் வந்தது. பாலத்தில் விரிசல் விட்டது. குழந்தை அக்கரையில் அண்ணன்காரன் வீட்டில் மாட்டிக்கொண்டது. பாலத்துக்காரி நடந்தாள். பாதிப் பாலம் போனாள். பின்னால் ஏதோ முறிகிற சத்தம். "அவள் திரும்பிப் பார்த்தபோது" என்று வாசித்துப் பக்கத்தைப் புரட்டினார் மெக்கானிக்.

புரட்டினால் வெள்ளை. அடுத்த பக்கமும் வெள்ளை. விரலை எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். மொத்தம் பதினாறு பக்கம், ஓர் எழுத்து இல்லை. அதற்கப்புறம் ஆசிரியரின் பிற நூல்கள் என்று போட்டு, அது மட்டும் பளிச்சென்று இருந்தது.

"ஏங்க, ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் தலையணைக்குள்ளிருந்து.

"அச்சடிக்கல."

"என்னது?"

"மிச்சத்தை அச்சடிக்கலம்மா."

"அவ நடுப் பாலத்துல நிக்கிறாங்க!" என்றாள், அவர்தான் கொண்டுபோய் நிறுத்தினார் என்பது மாதிரி. வேறு கதை வாசிக்கட்டுமா என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. "அவளை அங்க விட்டுட்டு நான் எப்படி இன்னொரு கதைக்குப் போறது? உங்களுக்கு மனசு இருக்கா?" என்று தலையைத் தூக்கப் பார்த்தாள். அக்கா ஓடிவந்து பிடித்தாள். டாக்டர் மறுபடி பார்ப்பதற்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது.

மறுநாள் காலை மெக்கானிக் புத்தகக் கடையில் நின்றார். கடைக்காரர் வேறு பிரதி எடுத்துக் கொடுத்தார். அதிலும் வெள்ளை. அலமாரியில் இருந்த அத்தனையையும் இறக்கிப் பார்த்தார்கள். எல்லாம் வெள்ளை. ஆறாம் பதிப்பு என்று போட்டிருந்தது. மூலையில் கிடந்த முதல் பதிப்புப் பிரதி ஒன்றையும் தூசி தட்டிப் பார்த்தார்கள், அதிலும் அதே வெள்ளை.

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்தார். "தப்பா நினைக்காதீங்க சார். நீங்க நெஜமாவே கடைசி வரைக்கும் படிச்சீங்களா?"

"ஆமாங்க."

"எல்லாப் பக்கமும்?"

"நடுவுல விட்டா எப்படிங்க கதை புரியும்?"

"இத்தனை வருஷம் விக்கிறேன் சார், இப்படி ஒருத்தரும் வந்து கேட்டதில்ல. பேரவை போட்ட புத்தகம். அங்கயே போய்க் கேளுங்க" என்றார் கடைக்காரர்.

எழுத்தாளர் பேரவைக்கு நகரின் நல்ல இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் இருந்தது. தரைத் தளத்தில் பாராட்டு விழாக்கள். முதல் தளத்தில் ஏற்புரைகள். இரண்டாம் தளத்தில் வாசகர் உருவாக்கப் பிரிவு. அங்கே பதினொரு பேர் சம்பளம் வாங்கினார்கள். எழுத்தாளன் வாசகனைத் தேடிப் போகக் கூடாது, களிமண்ணைப் பிசைவது மாதிரிப் பிசைந்து உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்பது பேரவையின் கொள்கை. பிரிவு தொடங்கிய நாளிலிருந்து மண்தான் வந்து சேரவில்லை.

செயலாளர் சுறுசுறுப்பானவர். ஆள் உள்ளே நுழைந்ததும் கை குலுக்கினார். "வாங்க, வாங்க. கவிதையா, சிறுகதையா?"

"நான் ஒண்ணும் எழுதலீங்க. ஒரு புத்தகம் படிச்சேன்."

"சரி, அதைப் பத்தி விமர்சனம் எழுதியிருக்கீங்க. கொடுத்துட்டுப் போங்க."

"இல்லீங்க. சும்மா படிச்சேன்."

செயலாளரின் கை மெக்கானிக்கின் கைக்குள்ளேயே நின்றுவிட்டது. பிறகு அதை உருவிக்கொண்டு அவர் வராந்தாவுக்கு ஓடினார். "எல்லாரும் வாங்க! ஒருத்தர் வந்திருக்கார், எழுதறதே இல்லையாம்!" என்று கத்தினார். கதவுகள் திறந்தன. பதினொரு பேரும் வந்து சுற்றி நின்றார்கள். ஒருத்தர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஒருத்தர் தேநீர் கொண்டுவந்தார். வழுக்கை விழுந்த ஒருவர் மெக்கானிக்கின் தோளை மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டு, நான் கேள்விப்பட்டிருக்கிறேன் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

"இந்தக் கடைசிப் பதினாறு பக்கம் இல்லைங்க" என்றார் மெக்கானிக். அதைக் காதில் வாங்க அங்கே ஆள் இல்லை. அவரைத் தலைவர் அறைக்கு அழைத்துப் போனார்கள்.

தலைவர் எழுபதைத் தாண்டியவர். ஓர் ஆளிடம் பேசினாலும் மைதானத்தில் பேசுவது போலத்தான் பேசுவார். "வருக! நாங்கள் எழுதினோம், எழுதினோம், எழுதிக்கொண்டே இருந்தோம். யாருக்காக என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எழுதியிருக்க மாட்டோம்! இந்த மன்றத்தில் நாற்பது ஆண்டுகளாக ஒருவர் நூலை ஒருவர் பாராட்டி வருகிறோம். படித்துவிட்டுப் பாராட்டுவது எளிது, அது எவனும் செய்வான். படிக்காமலே பாராட்டுவதற்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்!"

பதினொரு பேரும் கை தட்டினார்கள். மெக்கானிக்கும் பயந்துபோய் இரண்டு தட்டுத் தட்டினார். தட்டி முடித்ததும் புத்தகத்தை விரித்து வெள்ளைப் பக்கங்களைத் தலைவர் முகத்துக்கு நேரே காட்டினார்.

தலைவர் செயலாளரைப் பார்த்தார், செயலாளர் உத்தரத்தைப் பார்த்தார். இந்த நாவலுக்குத்தான் பேரவை தன் பெரிய பரிசைக் கொடுத்திருந்தது. நடுவர்கள் மூன்று பேர் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. முடிவு அபாரம் என்று மூன்று பேருமே தனித்தனியாகச் சொல்லியிருந்தார்கள். ஐந்து பதிப்புகளுக்குப் பேரவையே விழா எடுத்திருந்தது.

உடனே திறனாய்வாளர் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். இந்த நாவலின் முடிவைப் பற்றி மட்டும் இருநூறு பக்கத்துக்கு ஆய்வு எழுதியவர் அவர். வந்தார், வெள்ளைப் பக்கங்களைப் பார்த்தார். முகம் ஒரு நிமிடம் வெளுத்தது. அடுத்த நிமிடம் சரியாகிவிட்டது. தொழில் தெரிந்தவர்.

"நான் அன்னைக்கே எழுதினேனே, மௌனத்தால் கட்டிய முடிவுன்னு! அதுதான் இது. சொல் தோத்துப்போற இடத்துல ஆசிரியர் பேனாவை மூடிட்டார். இவருக்கு இதைப் படிக்கத் தெரியல, அவ்வளவுதான். பதப்படாத வாசகர்."

அறையில் இருந்த அத்தனை பேருக்கும் மூச்சு வந்தது. "பதப்படுத்திவிடுவோம்" என்றார் தலைவர்.

"அப்ப இந்தப் பக்கத்தை எப்படிங்க படிக்கிறது?" என்று கேட்டார் மெக்கானிக்.

"புரட்டாதீங்க. தாளை உத்துப் பாருங்க. உங்களுக்குள்ள ஏதாவது நடக்கும். நடக்கலைன்னா தப்பு உங்க மேல."

"என் வீட்டுக்காரம்மாவுக்கு உரக்க வாசிக்கணுங்க. அவ குப்புறக் கிடக்கா."

"மௌனத்தை உரக்க வாசிக்கப் பழகுங்க" என்றார் அந்த அம்மா. இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டுச் சிரிக்காமல் இருப்பதற்கு எத்தனை வருஷப் படிப்பு வேண்டுமோ.

மெக்கானிக் வெள்ளந்தி. படித்தவர்கள் சொல்கிறார்களே என்று அன்று சாயங்காலம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "அவள் திரும்பிப் பார்த்தபோது" என்று வாசித்துவிட்டு வெள்ளைத் தாளை உற்றுப் பார்த்தார்.

"ம், சொல்லுங்க."

"வாசிச்சிட்டுத்தான் இருக்கேன்."

"என்னத்த?"

"மௌனத்தை."

"உங்களுக்குப் பைத்தியம் கியித்தியம் பிடிச்சிருக்கா?" என்றாள் மனைவி. அடுத்த அறையில் அக்கா பாத்திரத்தை நங்கென்று வைத்த சத்தம் கேட்டது.

சரி, நாமே ஏதாவது சொல்லிச் சமாளிப்போம் என்று நினைத்தார். பாலத்துக்காரி திரும்பிப் பார்த்தாள், பாலம் உடையவில்லை, ஒரு மரம்தான் முறிந்து விழுந்தது, கடவுளே என்று சொல்லிக்கொண்டு ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள் என்று புத்தகத்தைப் பார்த்தே வாசிப்பது போல் சொன்னார். நாலு வரி தாண்டவில்லை.

"நிறுத்துங்க. அவ கடவுளேன்னு சொல்லமாட்டா. கை போனப்பவே சொல்லல. இது அவ பேச்சு இல்ல, உங்க பேச்சு."

அன்றிரவு தூக்கத்தில் இரண்டு தடவை புரண்டாள். இரண்டு தடவையும் அவரும் அக்காவும் சேர்ந்து திருப்பிப் போட்டார்கள். அந்தக் கண் போய்விடுமோ என்று மிச்ச இரவெல்லாம் அவர் கட்டிலோரமே உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் ஒரு வீட்டு லிப்ட் வேலையை இன்னொருவரிடம் தள்ளிவிட்டு, மறுபடி பேரவைக்குப் போனார்.

அங்கே அவருக்காகவே வாசகர் பயிற்சி வகுப்பு ஆரம்பித்திருந்தார்கள். வகுப்பில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் தவிர அத்தனை பேரும் எழுத்தாளர்கள்; வாசகராக இருப்பது எப்படி என்று தெரிந்துகொண்டால் அதையும் எழுதலாம் என்று வந்தவர்கள். முதல் பாடம் பெருமூச்சு. எந்த இடத்தில் விட வேண்டும், எவ்வளவு நீளம் விட வேண்டும், பக்கத்தில் ஆசிரியர் இருந்தால் எப்படி விட வேண்டும். இரண்டாவது பாடம், புத்தகத்தை மூடி நெஞ்சில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பது. மெக்கானிக் புத்தகத்தை வயிற்றில் வைத்துவிட்டார் என்று திருப்பிச் செய்யச் சொன்னார்கள். மூன்றாவது பாடத்தில், என்ன ஆச்சு, அப்புறம் என்ன என்கிற இரண்டு கேள்விகளையும் மறப்பதற்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

"அடுத்து என்ன நடக்கும்னு கேக்கிறது பாமரத்தனம்" என்றார் பயிற்சியாளர். "கேக்கணும்னு தோணும்போதெல்லாம் நாக்கைக் கடிச்சுக்குங்க. கொஞ்ச நாள்ல தோணவே தோணாது. எங்க யாருக்கும் தோணுறதில்ல பாருங்க."

"அவ குழந்தை அக்கரையில இருக்குங்க" என்றார் மெக்கானிக்.

"கடிச்சுக்குங்க."

மூன்று நாள் நாக்கைக் கடித்துக்கொண்டார். சட்டையில் 'நம் வாசகர்' என்று ஒரு வில்லை குத்தினார்கள். ஒரு விழாவில் மேடை ஏற்றி, வாசகருக்கு மரியாதை என்று அவரை நடுவில் உட்கார வைத்து, வரிசையாக ஆறு பேர் அவரைப் பார்த்தே பேசினார்கள். பேசி முடித்த ஒவ்வொருவரும் தன் புத்தகம் ஒன்றைக் கையெழுத்துப் போட்டு அவர் மடியில் வைத்தார். மைக் அவர் பக்கம் ஒரு தடவை வந்தது, அதன் உயரத்தைச் சரி செய்ய. வீட்டுக்கு அவர் சுமந்து போன புத்தகங்களைப் பார்த்துவிட்டு அக்கா கேட்டாள்: "இதுல எதிலயாவது அந்தப் பொண்ணு கரை ஏறிட்டாளா?" மனைவி தலையணையை விட்டு முகத்தை எடுக்கவில்லை, சாப்பாடும் வேண்டாம் என்றாள்.

நாவலாசிரியரையே நேரில் பார்த்துவிடுவது என்று மெக்கானிக் முடிவு செய்தார். அது அவ்வளவு லேசில்லை. அந்த மனிதர் ஊர் ஊராகப் பட்டறை நடத்திக்கொண்டிருந்தார். தலைப்பு: வாசகரைக் கடைசிப் பக்கம் வரை இழுத்துச் செல்வது எப்படி. ஒருவழியாகப் பேரவை வராந்தாவில் அவரை மடக்கினார். நல்ல உயரம், கழுத்து வரை முடி, யாரைப் பார்த்தாலும் அவர்களுக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்க்கிற பார்வை.

"ஐயா, அவ திரும்பிப் பாத்தப்ப என்னங்க ஆச்சு?"

"எவ?"

"பாலத்துக்காரிங்க. கடைசியில பதினாறு பக்கம் இல்லையே."

நாவலாசிரியர் அவர் கையிலிருந்த பிரதியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அவரும் இப்போதுதான் பார்க்கிறார் என்று மெக்கானிக்குத் தெரிந்துவிட்டது. "ஓ" என்றார் ஆசிரியர். பிறகு, "முடிவு ஏதோ நல்லாத்தான் வந்திருந்துச்சு" என்றார். கையெழுத்துப் பிரதி இருக்கிறதா என்று கேட்டதற்கு, வீடு மாறும்போது எடைக்குப் போயிருக்கும் என்றார். ஞாபகம் இருக்குமே என்றதற்கு, எழுதினதை எழுத்தாளன் திருப்பிப் படிக்கக் கூடாது, அது தன் கொள்கை என்றார். "எழுதி முடிச்சதும் அது உங்களோடது. வெச்சுக்குங்க."

மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி குப்புறக் கிடப்பது, கண், குமிழி, எல்லாவற்றையும் கொட்டினார். ஒரு தடவை வீட்டுக்கு வந்து ரெண்டு வரி சொல்லிவிட்டுப் போனால் போதும் என்று கெஞ்சினார். ஆசிரியர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற செயலாளர் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "என்ன, உங்க மனைவியும் படிப்பாங்களா? இன்னொரு வாசகரா? ஏன் சார் முதல்லயே சொல்லல! போட்டோகிராபரைக் கூப்பிடுங்கப்பா!"

மறுநாள் வீட்டு வாசலில் கார் நின்றது. நாவலாசிரியர், செயலாளர், திறனாய்வாளர் அம்மா, புகைப்படக்காரர் ஒருவர். அந்தச் சின்னப் படுக்கையறையில் எல்லாரும் நுழைந்த பிறகு அக்காவுக்கு நிற்க இடமில்லை. அவள் வாசற்படியில் நின்றாள். நாவலாசிரியர் ஸ்டூலில் உட்கார்ந்து, தலையணையில் கவிழ்ந்து கிடந்த ஒரு பின்னந்தலையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். பேச்சு வாசகரின் கடமைகளில் தொடங்கியது. அவள் பொறுமையாகக் கேட்டாள். அவளுக்கு அந்த மனிதர் மேல் மரியாதை இருந்தது. அத்தனை பக்கம் அவளைக் கட்டிப் போட்டவர் இல்லையா.

"ஐயா, நீங்க வந்தது எனக்கு ரொம்ப சந்தோஷம்" என்றாள் கடைசியில். "அவ திரும்பிப் பாத்தாளே, அப்புறம்?"

ஆசிரியர் தொண்டையைச் செருமினார். புகைப்படக்காரர் தயாராக இருந்தார். சமாளித்துவிடலாம் என்றுதான் அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். "அவள் பார்த்தாள். பின்னால் இருள். முன்னால் இருள். தன் இரண்டு கைகளையும் விரித்து..."

"எந்தக் கைங்க?"

"இரண்டு கைகளையும்."

"இடது கை கிடையாதேங்க அவளுக்கு."

திறனாய்வாளர் அம்மா சட்டென்று முன்னால் வந்தார். "இல்லாத கையை விரிக்கிறதுதாம்மா கலை. எனக்கு இது தோணவே இல்ல பாருங்க, அடுத்த ஆய்வு இதுதான்!"

"சரி, கையை விடுங்க" என்றாள் அவள். குரல் கெஞ்சியது. "குழந்தை? அதை மட்டும் சொல்லுங்க. குழந்தை என்ன ஆச்சு?"

நாவலாசிரியர் செயலாளரைப் பார்த்தார். பிறகு, மிகவும் மரியாதையாகவே கேட்டார்: "எந்தக் குழந்தை?"

கட்டிலில் அவள் முதுகு விறைத்தது. இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றினாள். மெக்கானிக் பாய்ந்து போய் அவள் கழுத்தின் பின்னால் கையை வைத்து அழுத்தினார்.

"தூக்காத. தூக்காதம்மா. கண்ணு."

"விடுங்க. நான் அந்த ஆள் முகத்தைப் பாக்கணும். பெத்துப் போட்ட குழந்தையை மறந்தவன் முகம் எப்படி இருக்கும்னு பாக்கணும்."

"அதுல பாக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் மெக்கானிக். "நான் பாத்துட்டேன். இதுக்காகக் கண்ணைப் போக்கடிச்சுக்காத."

அவள் கை தளர்ந்தது. தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். "அவளை நட்டாத்துல விட்டுட்டு வந்து பரிசு வாங்கியிருக்கீங்களேய்யா. ஆறு பதிப்பும் அவ அங்கயேதானே நிக்கிறா. ஒருத்தன் திரும்பிப் பாக்கலியே." அதற்கு நாவலாசிரியர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வாசற்படியில் நின்ற அக்கா, "கெளம்புங்க" என்றாள். ஒரே வார்த்தை. பிளாஷ் இரண்டு தரம் மின்னியது, எல்லாரும் கிளம்பிப் போனார்கள்.

அழுகை ஓய வெகுநேரம் ஆயிற்று. ஓய்ந்ததும், "முதல்லேருந்து வாசிங்க" என்றாள்.

"மறுபடியுமா?"

"ஆமா. வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி நிறுத்திடுங்க. குழந்தை அவ மடியில இருக்கும்ல, அந்த இடத்துல."

அப்படியே வாசித்தார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தார். அவள் அசையாமல் கேட்டுக்கொண்டு கிடந்தாள். குறித்த நாளில் டாக்டர் கட்டைப் பிரித்து விளக்கடித்துப் பார்த்து, நல்லா ஒட்டியிருக்கு, கெட்டிக்காரத்தனமாப் படுத்திருக்கீங்க என்றார். வீட்டுக்கு வந்ததும் அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுதார்கள். மெக்கானிக் சட்டையில் குத்தியிருந்த வில்லையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

அடுத்த மாதம் பேரவையின் செய்தி மடல் தபாலில் வந்தது. குமிழி கரைந்து, அவளுக்கு எழுத்து தெரிய ஆரம்பித்திருந்த சமயம். மடலின் அட்டையிலேயே அவள் படம். தலையணையில் முகம் புதைத்து அழுகிறாள். மெக்கானிக்கை மணிக்கட்டோடு வெட்டிவிட்டிருந்தார்கள். கழுத்தின் மேல் அவர் கை மட்டும் இருந்தது. நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு, ஆபரேஷன் செய்த கண்ணால், எழுத்து எழுத்தாக அவள் படத்தின் கீழே போட்டிருந்ததை வாசித்தாள்.

"நாவலின் மகத்தான முடிவைத் தாங்க முடியாமல் தலை நிமிர இயலாது உருகிக் கிடக்கும் வாசகி. அவரைத் தேற்றுவது நாவலாசிரியரின் கரம். ஒரு படைப்பாளி தன் வாசகரை இந்த அளவுக்கு உருவாக்கியிருப்பதைப் பாராட்டி, பேரவை இந்த ஆண்டின் வாசகச் சிற்பி விருதை அவருக்கு வழங்கி மகிழ்கிறது. வாசகர்களின் வேண்டுகோளுக்கு இணங்க, விரைவில் வரவிருக்கும் ஏழாம் பதிப்பில் மௌனப் பக்கங்கள் முப்பத்திரண்டாக விரிவாக்கப்படுகின்றன."

மெக்கானிக் தன் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் கிரீஸ் இருந்தது, படத்திலும் அது தெரிந்தது. அவருக்கு வந்த கோபத்தில் மடலைக் கிழிக்கப் போனார். அவள் தடுத்தாள். புரட்டிப் பின்னட்டையைப் பார்த்தாள், உள்பக்கங்களைப் பார்த்தாள், மறுபடி அட்டைக்கு வந்து கடைசி எழுத்து வரைக்கும் இன்னொரு தரம் விரல் வைத்து வாசித்தாள்.

"இதையாவது முழுசா அச்சடிச்சிருக்காங்க" என்றாள்.